கட்டுமரம் எண்ணப் போன சிங்கப்பூரான்

மெட்ராஸ் துறைமுகத்தில் கால் வைத்த அரை மணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னை வக்கீல் என்று நினைத்துத் தங்கள் வழக்கைச் சொன்னார்கள். கறுப்புக் கோட்டுதான் காரணம். சிங்கப்பூரில் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் யாரோ குமாஸ்தா போகிறான் என்பார்கள். அதுதான் உண்மையும்கூட. மூன்றாவது ஆள் பாகப்பிரிவினை வழக்குக்காரர். அவர் ஒரு ரூபாய் முன்பணமே நீட்டிவிட்டார். வாங்காமல் வந்ததற்காக இன்றும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன்.

என் ஆபீஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய யுத்தம் முடிந்ததும் உலக நாடுகள் பல சேர்ந்து ஜெனீவாவில் ஒரு சங்கம் வைத்துக்கொண்டன அல்லவா, அதற்குக் கிழக்கே, சிங்கப்பூரில், ஒரு சிறு கிளை உண்டு. அங்கேதான் எனக்கு நாற்காலி. கிழக்குத் துறைமுகங்கள் வாராவாரம் எங்களுக்குத் தந்தி அடிக்கும். இங்கே பிளேக் இத்தனை பேருக்கு, காலரா இத்தனை பேருக்கு, அம்மை இல்லை என்று. நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளாக்கி, கம்பியில்லாத் தந்தியில் அனுப்புவோம். நடுக்கடலில் போகும் கப்பல் அதைப் பிடித்து, அடுத்த துறைமுகத்தில் பயமில்லாமல் இறங்கலாமா என்று தெரிந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் பணம் கொடுப்பது யார் என்றால், அந்த நாடுகள்தான். ஜனத்தொகை, வருமானம், வியாபாரம் எல்லாம் பார்த்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு போடுவார்கள். போட்ட மறுநாளே நாங்கள் எவ்வளவு ஏழை தெரியுமா என்று நாடுகள் கடிதம் எழுத ஆரம்பிக்கும். அந்தக் கடிதங்களைக் கோப்பில் கோத்து வைப்பது என் உத்தியோகம். அந்தக் கோப்பைப் படித்த எவனும் உலகத்தில் பணக்கார நாடு என்று ஒன்று இருப்பதாக நம்ப மாட்டான்.

அந்த வருஷம் கடிதங்கள் கொஞ்சம் அதிகம். எங்கள் பெரிய துரை என்னைக் கூப்பிட்டு, “ஒரு துறைமுகத்துக்குப் போய், வாராந்தரத் தந்தி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்து எழுதி வா. பணம் கொடுக்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும்” என்றார். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் மெட்ராஸ். என் தமிழ் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் என்பது துரைக்குத் தெரியாது. ராயபுரத்துக்கு வந்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

சனிக்கிழமை ராயபுரத்தில் இருந்த என் ஜாகைக்குப் போக டிராமில் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு வெள்ளைக்கார மாலுமிகள். எந்த நாட்டுக்காரர்கள் என்று தெரியவில்லை, இங்கிலீஷில்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: “ஜெனீவாவுக்கு நம் சர்க்கார் கொடுக்கிற பணத்தில் நமக்கு ஒரு நல்ல சமையற்காரன் வைத்திருக்கலாம்.” மற்றவர் சொன்னார்: “நம் சர்க்கார் இன்னும் கொடுக்கவே இல்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தானே.” முதல் ஆள் வெகுநேரம் யோசித்து, “அப்படியானால் சமையற்காரன் எங்கே?” என்றார். அதற்குள் டிராமின் தலைக்கம்பி மேலே இருந்த கம்பியை விட்டுக் கழன்றுவிட்டது. கண்டக்டர் ஒரு கழியை வைத்துக்கொண்டு அதைப் பிடிக்க முயன்ற அழகைப் பார்க்க ராயபுரத்தில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். நான் இறங்கி நடந்தேன். நடந்ததில் டிராமுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் நாராயணன் வந்து என்னைக் காசிமேட்டுக் கரைக்கு அழைத்துப் போனார். வடக்கே எண்ணூர்க் கழிமுகம் வரைக்கும் உள்ள குப்பங்களில் யாருக்கு என்ன நோய் என்று எழுதிக்கொண்டு வருவது அவர் வேலை. ஒல்லியான மனிதர், சைக்கிள் வைத்திருந்தார். அதை ஓட்டி நான் பார்த்ததே இல்லை, எப்போதும் தள்ளிக்கொண்டே வந்தார். கரையில் ஒரு அம்மாள் நெத்திலியை வறுத்து இலையில் கொட்டி, பக்கத்தில் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழும் வைத்தாள். சிங்கப்பூரில் மீனின் மேல் நாலு விதமான குழம்பை ஊற்றி, மீனை எங்கே என்று தேட வைப்பார்கள். இங்கே உப்பும் மிளகாயும் மட்டும்தான். நான் மூன்று இலை தின்றேன். நாலாவது இலைக்குக் கை நீட்டியபோது, “கோட்டு கியிஞ்சிடப் போவுது நைனா” என்றாள் அந்த அம்மாள்.

“தந்தி இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது சார்” என்றார் நாராயணன். “குப்பத்தில் ஒருத்தனுக்குப் பேதி. அவன் பெண்டாட்டி என்னிடம் சொல்வாள். நான் ஆபீஸில் சொல்வேன். ஆபீஸ் உங்களுக்குச் சொல்லும். நீங்கள் ஊரெல்லாம் சொல்வீர்கள்.” மணலில் புதைந்த சைக்கிளை இழுத்துக்கொண்டே, “அவள் சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை” என்றார்.

அந்தப் பெண்டாட்டிகளைப் பார்க்கத்தான் திங்கட்கிழமை வடக்கே போனோம். ரெயில் திருவொற்றியூரில் முக்கால் மணி நேரம் நின்றது. தண்டவாளத்தில் ஒரு எருமை படுத்திருந்தது. அதை எழுப்ப ஸ்டேஷன் மாஸ்டர், டிரைவர், கோயிலுக்கு வந்த ஒரு கூட்டம் என்று எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எருமைக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பீடியை முடித்து ஒரு சத்தம் கொடுத்ததும் எருமை எழுந்து போனது. எண்ணூரில் இறங்கி உப்பளத்து வரப்பில் நடந்தோம். நான் வழுக்கிப் பாத்திக்குள் விழுந்து எழுந்தேன். கறுப்புக் கோட்டு காய்ந்ததும் வெள்ளைக் கோட்டு ஆயிற்று. அன்றைக்கு யாரும் என்னை வக்கீல் என்று சொல்லவில்லை.

முகத்துவாரத்தில், அதாவது கழி கடலில் கலக்கும் இடத்தில்தான் கன்னியம்மாவைப் பார்த்தேன். கழுத்தளவு தண்ணீரில் தலை மட்டும் தெரிந்தது. வாயில் ஒரு பனையோலைப் பறியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவி இறால் பிடித்து அந்தப் பறிக்குள் போடுகிறாள் என்று நாராயணன் சொன்னார். நாற்பது வயது இருக்கும். கரைக்கு வந்து பறியை வாயிலிருந்து எடுத்ததும் அவள் பேசிய முதல் பேச்சு என்னைப் பற்றித்தான்.

“இன்னா இன்ஸ்பெக்டரு, உப்புல போட்ட கருவாடு ஒண்ணு இஸ்துகினு வந்துகீறே?”

கன்னியம்மாவுக்கு இறாலைத் தவிர இன்னொரு வேலையும் இருந்தது. ஐப்பசி பிறந்துவிட்டால் கடல் பொங்கும். கரையில் கட்டுமரத்தை ஏற்றப் பார்த்தால் அலை முறுக்கிப் போட்டுவிடும். அதனால் அக்கம்பக்கத்து நான்கு குப்பத்து மரங்களும் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்துதான் கரையேறும். ஆனால் அந்த முகத்துவாரத்தில் மணல் ஒரு இடத்தில் நிற்காது. நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று திட்டாக இருக்கும். இறாலுக்காகத் தடவித் தடவி, அடிமண் எங்கே இருக்கிறது என்று கன்னியம்மாவின் காலுக்குத் தெரியும். தினம் விடிந்ததும் அவள் இறங்கி நடந்து பார்த்து, ஆழம் இருக்கும் இடத்துக்கு இரு பக்கமும் இரண்டு மூங்கிலை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வருவாள். கடலிலிருந்து திரும்பும் மரங்கள் இரண்டு கொடிக்கும் நடுவே வந்தால் பத்திரம். இதற்கு நான்கு குப்பமும் சேர்ந்து அவளுக்குக் கூலி கொடுப்பது ஏற்பாடு. எந்தக் குப்பத்தில் எத்தனை கட்டுமரமோ அதற்குத் தக்கபடி பங்கு.

“ஐப்பசி பொறந்ததுலேர்ந்து ஒருத்தனும் குடுக்கல” என்றாள் கன்னியம்மா. “நாளையோட சரி. பொதன்கெயமைலேர்ந்து கொடி கெடையாது. எனுக்கு இன்னா, நான் காசிமேட்டுல எங்க அக்காகூட மீன் வித்துப் பொயச்சிக்குவேன்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பயத்தால் அல்ல. என் கோப்பு எழுந்து வந்து எதிரே நிற்கிறது என்ற சந்தோஷத்தால். நான் என்ன வேலை செய்கிறேன், எங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று அவளிடம் விளக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“அப்போ ஒலகத்துல கீற நாடெல்லாம் சேந்து ஒனுக்குத் துட்டு குடுக்குது?”

“ஆமாம்.”

“எவன் ஒய்ங்கா குடுக்கறான்?”

“சின்ன நாடுகள் சிலது நாள் தவறாமல் கொடுக்கும். பெரிய நாடுகள் சிலது கடிதம் கொடுக்கும்.”

“குடுக்கலேன்னா நீ இன்னா பண்ணுவே?”

“பணம் இல்லாவிட்டால் தாள் அனுப்ப முடியாது.”

“தாளு வர்லேன்னா கப்பக்காரன் இன்னான்னு நெனப்பான்? நோவு இல்லேன்னு நெனப்பானா, கீதுன்னு நெனப்பானா?”

அந்தக் கேள்வியை எங்கள் துரைகூடக் கேட்டதில்லை. அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டே, “அதான் பேஜாரு” என்றாள்.

அன்று சாயங்காலம் நான்கு குப்பத்துத் தலைவர்களும் ஒரு பூவரச மரத்தடியில் கூடினார்கள். குப்பங்களின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்கும் சண்டை வரும். நால்வரில் இருவரை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். மாரி என்பவர் வயதானவர், கடலுக்குப் போவதை விட்டுவிட்டவர், எதையும் சிரித்துக்கொண்டே மறுப்பவர். ஆறுமுகம் என்பவருக்கு ஐம்பது வயது. நால்வரில் இன்னும் கடலுக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான். எண்ணெய் தடவி முடிந்த பெரிய குடுமி. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பேசுவார். நால்வரில் பெரிய குப்பம் அவருடையது என்று நாராயணன் என் காதில் சொன்னார்.

மாரி ஆரம்பித்தார். “நாங்க துட்டா குடுக்கலதான். ஆனா கொடிக்குச் சேப்புத் துணி ஆரு குடுத்தது? நாங்க. அதனால எங்க ஊரு பக்கம் நடற கொடி பெர்சா இருக்கணும். அத்தச் செய்யட்டும், மிச்சத்தப் பேசலாம்.”

ஒரு நாடு எழுதிய இதே கடிதத்தை நான் கோப்பில் கோத்திருக்கிறேன். பொதுப் பெட்டியில் போடாமல், தனக்குப் பிடித்த ஒரு காரியத்துக்கு மட்டும் கொடுத்து, அதில் தன் பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்று கேட்ட கடிதம் அது.

மூன்றாம் தலைவர், தங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, ஆகவே வெள்ளிக்கிழமைக் கொடிக்குத் தாங்கள் கொடுக்கத் தேவையில்லை என்றார். அதுவும் கோப்பில் இருக்கிறது. நாலாம் தலைவர் ரொம்ப நல்ல மாதிரி. மற்ற மூவரும் கொடுத்த அந்த நிமிஷமே தாமும் கொடுத்துவிடுவதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது கோப்பில் எட்டு இடத்தில் இருக்கிறது.

ஆறுமுகம் கடைசியாகக் குடுமியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல மூணு மரம் கீது. மூணுக்கு இன்னாவோ அத்த வாங்கிக்கச் சொல்லு” என்றார்.

பூவரச மரத்தின் மேலிருந்த காக்கைகூடப் பறந்துபோய்விட்டது. ஒரு குப்பம் முழுக்க மூன்று கட்டுமரத்தில் கடலுக்குப் போவதானால் ஒவ்வொன்றிலும் இருபது பேர் உட்கார வேண்டும். மற்ற மூவரும் கத்தினார்கள். ஆனால் அவர்களிடம் உங்கள் கணக்கு என்ன என்று கேட்டபோது ஒருவர் நாலு என்றார், ஒருவர் ஐந்து என்றார், மாரி சிரித்துக்கொண்டே இரண்டு என்றார். யார் போய் எண்ணுவது என்பதில் அடுத்த சண்டை. எண்ணுகிறவன் எந்தக் குப்பமோ அந்தக் குப்பத்துக்குச் சாதகமாக எண்ணுவான் அல்லவா. கடைசியில் ஆறுமுகத்தின் விரல் என் பக்கம் நீண்டது.

“இந்தச் சிங்கப்பூராரு எண்ணட்டும். இவுரு எந்தக் குப்பமும் இல்ல. எவனுக்கும் மாமனும் இல்ல, மச்சானும் இல்ல.”

உலக நாடுகளின் சேவகனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்குமா? ஒப்புக்கொண்டேன். நாராயணன் என் கையைக் கிள்ளினார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் பென்சிலைச் சீவிக்கொண்டு முதல் குப்பத்துக் கரைக்குப் போனேன். கட்டுமரம் என்பது நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள் என்பதும் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கரை முழுக்கக் கட்டைகள் கிடந்தன. கட்டுமரம் ஒன்றுகூட இல்லை.

“கட்டுமரம் எங்கே?” என்றேன்.

“கட்னாத்தான் நைனா கட்டுமரம்” என்றார் கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவர். “இது கட்டை.”

சரி, கட்டைகளை எண்ணி நாலால் வகுத்துவிடலாம் என்று யோசித்தேன். என்னைவிட நூறு வருஷம் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார்கள். சில மரத்துக்கு மூன்று கட்டை, சிலதுக்கு ஐந்து, பெரிய வலைக்கு ஏழு. தவிர, பாதிக் கட்டைகள் வேலியாக நட்டிருந்தன. சிலவற்றின் மேல் பெண்கள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து ஒருவர் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். அது எப்போதிலிருந்து சாமி என்று நாராயணன் கேட்டார். காலையிலிருந்து என்றார் சூடம் காட்டியவர்.

இரண்டாம் குப்பத்திலும் கட்டைதான். மூன்றாம் குப்பத்தில் கட்டையும் இல்லை. அவற்றை ராவோடு ராவாகப் பக்கத்துக் குப்பத்துக் கட்டைகளோடு கலந்து போட்டுவிட்டார்களாம். ஆறுமுகத்தின் குப்பத்தில் மட்டும் மூன்று கட்டுமரங்களை அழகாகக் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவற்றைச் சுற்றி இருந்த மணல் மேடுகளிலிருந்து கட்டைகளின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று, காலடியில் என்ன என்று கேட்டேன். “மணலு” என்றார் ஆறுமுகம்.

என் சீட்டில் எழுதியது இதுதான்: முதல் குப்பம் பூஜ்யம், இரண்டாம் குப்பம் பூஜ்யம், மூன்றாம் குப்பம் பூஜ்யம், ஆறுமுகத்தின் குப்பம் மூன்று. அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டதும் ஆறுமுகத்தின் முகம் கறுத்துவிட்டது. எல்லாருக்கும் பூஜ்யம், தமக்கு மட்டும் மூன்று என்பது எந்த ஊர் நியாயம் என்றார். எனக்கு எதிரிலேயே அந்த மூன்றையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு நான்கு குப்பத்திலும் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை. கட்டினால் நான் எண்ணிவிடுவேன், கட்டாமல் எதில் போவார்கள்? ஒரு நாள் மீன் போனது அவரவர் கொடுக்க வேண்டிய கூலிப் பங்கைப்போல நாலு மடங்கு இருக்கும் என்று நாராயணன் சொன்னார். அதைப் பற்றி ஒருவரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நான்கு குப்பத்திலும் அன்று நல்ல குஷி. மாரி எனக்குச் சுறாப்புட்டு செய்து போட்டார். உதிரியாக, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டு, அவ்வளவு ருசி. ஏமாற்றியவர் வீட்டுச் சாப்பாடு என்று தெரிந்தும் இரண்டாம் தரம் வாங்கித் தின்றேன். சாயங்காலம் மேற்கே கறுத்து மழை பிடித்துக்கொண்டது.

கன்னியம்மாவிடம் சீட்டைக் காட்டக் கூச்சமாக இருந்தது. அவளே கேட்டாள். சொன்னேன். முகத்துவாரத்தில் நட்டிருந்த இரண்டு மூங்கிலையும் பிடுங்கி வந்து மணலில் போட்டு, சிவப்புத் துணியை அவிழ்த்து மடித்தாள்.

“மரமே இல்லாத ஊருக்குக் கொடி எதுக்கு நைனா?” என்றாள்.

புதன்கிழமை விடியற்காலையில் நான்கு குப்பத்திலும் ஒரே ரகளை. ஒரு நாள் வருமானம் போனதால் எல்லோரும் ஒரேயடியாகக் கடலுக்குக் கிளம்பினார்கள். கலந்து போட்ட கட்டைகளில் யாருடையது எது என்று தெரியவில்லை. “அது எங்க நடுக்கட்டை,” “எங்கப்பன் செதுக்குனது” என்று இழுத்துக்கொண்டார்கள். சாமியாகிவிட்ட கட்டையைப் படுக்கப்போட்டுக் கயிறு சுற்றியதையும் பார்த்தேன். அவசரத்தில் கிடைத்த கட்டைகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறுமுகத்தின் மரத்தில் நடுக்கட்டை ஒரு முழம் குட்டையாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், குடுமியைத் தொட்டுப் பார்த்தார், ஏறிப் போய்விட்டார்.

பத்து மணிக்கு மரங்கள் திரும்ப ஆரம்பித்தன. ராத்திரி மழையில் கழி நிறைந்து, செந்தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. மணல் எங்கே போனது என்று தெரியவில்லை. முகத்துவாரத்துக்கு வெளியே முதல் மரம் நின்றது. அதற்குப் பின்னால் இரண்டாவது, பத்தாவது, ஐம்பதாவது. எல்லாம் வரிசையாக நின்று ஆடிக்கொண்டிருந்தன. யார் முதலில் நுழைவது என்று ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். ரொம்ப மரியாதை. “நீ போ மாமு,” “நீ பெரியவரு, நீ போ” என்று தண்ணீருக்கு மேல் குரல் வந்தது.

கரையில் மீன் வாங்க வந்த பெண்கள் கூடையோடு நின்றார்கள். நெல்லூர்ப் பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் தெலுங்கில் தன் மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். “இன்றைக்கு மீன் வராது, நாம் போய்க் கூரை ஓடு ஏற்றலாம்” என்பது அதன் தமிழ். மற்ற மூன்று தலைவர்களும் பூவரச மரத்தடியிலிருந்து எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். கன்னியம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பறிக்கு ஓலை பின்னிக்கொண்டிருந்தாள். மாரி அவள் பக்கத்தில் போய் இருமினார். அவள் நிமிரவில்லை.

“கன்னீ, புள்ளைங்க வெளியே நிக்கறாங்க.”

“எந்தப் புள்ளைங்க? நேத்து ஒரு மரமும் இல்லியே.”

நான் சீட்டை எடுத்தேன். கடல்மேல் அத்தனை மரமும் கட்டியபடியே நின்றன. அங்கே அவிழ்க்க முடியாது. எண்ணுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. முப்பத்தெட்டு வரைக்கும் எண்ணியிருந்தேன்.

ஆறுமுகம் நுழைந்தார். அவருக்குப் பொறுமை போய்விட்டது. முதல் அலையில் மரம் நன்றாகத்தான் வந்தது. இரண்டாவதில் மூக்கு மணல் திட்டில் குத்தியது. குட்டையான நடுக்கட்டை உருவிக்கொண்டு போக, மற்றக் கட்டைகள் கை விரித்ததுபோல் பிரிந்தன. கூட இருந்த இருவர் ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறுமுகத்தைக் காணோம். வலை மட்டும் தண்ணீர்மேல் சுழன்றது.

சீட்டும் பென்சிலும் கையில் இருந்தன. சிங்கப்பூரில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் யாரோ ஒரு பெண் அலறினாள்.

கன்னியம்மா ஓலையை எறிந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் மார்பளவு தண்ணீரில் இருந்தாள். நீந்தவில்லை, நடந்தாள். அத்தனை வேகத்திலும் ஒவ்வொரு அடியையும் காலால் தேடி வைத்து நடந்தாள். வலை சுழன்ற இடத்துக்குப் போய்க் குனிந்தாள். இப்போது அவளையும் காணோம். நான் எண்ண ஆரம்பித்தேன், வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருபதைத் தாண்டியபோது அவள் தலை மேலே வந்தது. கையில் ஆறுமுகத்தின் குடுமி இருந்தது. குடுமிக்குக் கீழே ஆறுமுகமும் இருந்தார்.

மணலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். கழி முழுவதையும் குடித்திருப்பார் போலிருக்கிறது, அவ்வளவு தண்ணீர் வந்தது. கண் திறந்தார். குனிந்து நின்ற எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் கட்டை இடித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் ஆறுமுகத்தின் உதடு அசைந்தது.

“இருவத்தொண்ணு” என்றார்.

“இன்னா சொல்றாரு?” என்றார்கள் பின்னால் நின்றவர்கள்.

“புத்தி கலங்கிப் பூட்ச்சு” என்றது ஒரு குரல்.

“எங்க ஊர்ல இருவத்தொரு மரம் கீது” என்றார் ஆறுமுகம். மறுபடி இருமினார். “எய்திக்க சொல்லு அந்தாள.”

எழுதினேன். சீட்டு நனைந்து பென்சில் கிழித்தது. மாரி கடலைப் பார்த்தார். வெளியே இன்னும் அத்தனை மரமும் ஆடிக்கொண்டு நின்றன. அதில் ஒன்றில் அவருடைய இரண்டு மகன்கள் இருந்தார்கள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“எங்க ஊர்ல பதினேயு” என்றார்.

மூன்றாம் தலைவர் பதினான்கு என்றார். “வெள்ளிக்கெயமையும் சேத்து” என்றார். நாலாமவர் பதினொன்று என்று சொல்லி, யாரும் கொடுப்பதற்குக் காத்திருக்காமல் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையையே அவிழ்க்க ஆரம்பித்தார். அதன் முடிச்சு நனைந்து இறுகிக்கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தார்.

நான் கன்னியம்மாவிடம் கணக்கைப் படித்துக் காட்டலாம் என்று திரும்பினேன். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஈரம்தான் இருந்தது. சீட்டில் நாலாவது எண்ணை எழுதி முடிப்பதற்குள் அவள் இரண்டு மூங்கிலையும் தோளில் போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள்.